பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் விற்பவர்களுக்கு: 'சி9' மட்டும் போதாது

அன்புள்ள விற்பனையாளர்களே,

1984-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் வெளியிடத் தொடங்கிய, வண்டியாகவும் ரோபோவாகவும் உருமாறும் முதல் தலைமுறை டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளை, அதாவது நாம் ஜி1 என்று சொல்பவற்றை, ஏலத்திலும் பொம்மைச் சந்தைகளிலும் விற்கிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். கேட்பது ஒன்றுதான். 'சி9', 'வயசுக்கு அருமையான நிலை' என்று எழுதி நிறுத்தாதீர்கள். எதைச் சோதித்துப் பார்த்தீர்கள், எதைத் தொடவே இல்லை என்பதையும் எழுதுங்கள்.

பொம்மை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல சேகரிப்பவர்கள் பயன்படுத்தும், சி1 முதல் சி10 வரை போகும் அந்த அளவுகோலை நிர்வகிக்க எந்த அமைப்பும் கிடையாது. சி10 என்றால் கடையிலிருந்து இப்போதுதான் வந்தது போல இருக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். அதற்குக் கீழே அவரவர் மனசுதான். ஒருவருடைய சி9 இன்னொருவருக்கு சி7. அப்புறம், உருமாறும் பொம்மைக்கு ஒரே ஒரு எண் கொடுப்பதே எனக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை. லாரியாக நிற்கும்போது ஆப்டிமஸ் பிரைம் அம்சமாக இருக்கும். ரோபோவாக்கி நிறுத்தினால்தான் கால் தளர்ந்திருப்பதும், கழற்றி மாட்டுகிற கை முஷ்டிகள் காணாமல் போயிருப்பதும் தெரியும். ஸ்டார்ஸ்க்ரீமை விமானமாக மட்டும் படம் எடுத்துப் போடுகிறீர்கள். அதன் முஷ்டிகள் எங்கே என்று வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு உருவங்களிலும், முன்னும் பின்னும் படம் போடுங்கள். மிராஜ் என்றால் இடுப்பைத் தனியாகக் கிட்டத்தில் எடுங்கள். அந்த பந்தயக் காரில் முதலில் உடைவது அந்த இடம்தான். உங்களுக்கும் இது தெரியும்.

மஞ்சளாவது வேறு கதை. 1985-இல் வந்த ஜெட்ஃபயர், ஜப்பானில் டகடோகு நிறுவனம் மேக்ராஸ் கார்ட்டூன் தொடருக்காகச் செய்த வால்கிரி விமானத்தின் அச்சிலிருந்து வந்தது. அதன் வெள்ளை பிளாஸ்டிக் ஒளி பட்டுப் பட்டு மஞ்சளாகும். சிவப்புக் கவசத்தைக் கழற்றினால் அடியில் வெள்ளை அப்படியே இருக்கும், வெளியே பழுப்பேறியிருக்கும். அந்த வித்தியாசத்தைக் காட்ட ஒரே ஒரு படம் போதும். சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கிறார்கள். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மஞ்சள் திரும்பவும் வரலாம். அதனால் வெளுத்த பொம்மையை 'மஞ்சளே ஆகாதது' என்று விற்பது ஏமாற்று. 'வெளுத்தேன்' என்று ஒரு சொல் சேர்த்தால் முடிந்தது.

உருமாற்றியே பார்க்கக் கூடாத பொம்மைகளும் இருக்கின்றன. 1988-இல் ஜப்பானில் வந்த பிளாக் ஜாராக்கில் இருப்பது போன்ற தங்கத் துகள் கலந்த பிளாஸ்டிக், காலப்போக்கில் பிஸ்கட் போல நொறுங்கிவிடும். அலமாரியில் இருக்கும்போது பளபளவென்று முழுசாகத்தான் தெரியும். கை கால் மூட்டுகளைத் திருப்பியவுடன் கையில் தூளாக வரும். பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் இதற்குத் தப்பிக்க முடியாது. அந்த மாதிரி பொம்மை என்றால் 'உருமாற்றிப் பார்க்கவில்லை, காரணம் இது' என்று எழுதுங்கள். சோதிக்காததற்காக யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தர மதிப்பீட்டு நிறுவனங்களையும் இங்கே சொல்ல வேண்டும். பொம்மையை அக்ரிலிக் கூண்டுக்குள் அடைத்து 80, 85 என்று எண் ஒட்டித் தருகிறார்கள். பெட்டியின் மூலை மடங்கியிருக்கிறதா, பிளாஸ்டிக் ஜன்னல் கிழிந்திருக்கிறதா என்பதற்கு அந்த எண் நல்ல சாட்சி. கூண்டுக்குள்ளே இருக்கிற தங்க பிளாஸ்டிக் நாளைக்கு என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. எண்ணைக் காட்டி விலை கேட்கும்போது இந்த எல்லையையும் மனசில் வையுங்கள்.

'ஒரிஜினல் 1984, அடியில் ஆண்டு பதிந்திருக்கிறது பாருங்கள்' என்று எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பின்னால் வந்த மறுவெளியீடுகளிலும் போலிகளிலும் அந்தப் பழைய பதிவு அப்படியே இருப்பது உண்டு. அதை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2002-இல் வந்த ஆப்டிமஸ் மறுவெளியீட்டில் புகைக்குழாய்களைக் குட்டையாக்கிவிட்டார்கள்; சில மறுவெளியீடுகளின் ஏவுகணைகள் பழையவற்றைவிட நீளம். இதையெல்லாம் ஒப்பிட்டுப் பாருங்கள். ரப்சைன் விஷயமும் அப்படித்தான். விரலால் தேய்த்தால் சூட்டில் ஆட்டோபாட் (நல்லவர்கள்) அல்லது டிசெப்டிகான் (கெட்டவர்கள்) அணியின் முகம் தெரியும் அந்தச் சின்ன ஸ்டிக்கரை 1985 முதல்தான் சேர்த்தார்கள். அதனால் அது இல்லாத முதல் வருடப் பொம்மைகளுக்கு மவுசு. ஆனால் ஸ்டிக்கர் உரிந்துபோன பொம்மையை 'ப்ரீ-ரப்', அதாவது ரப்சைன் வருவதற்கு முந்தையது, என்று விற்பதைப் பார்த்திருக்கிறேன். பசை அடையாளம் காட்டிக்கொடுக்கும், சாமி!

புதிதாக அச்சடித்த ஸ்டிக்கர்கள், வார்த்தெடுத்த மாற்று ஏவுகணைகள், இன்னொரு பொம்மையிலிருந்து எடுத்த பாகங்கள், எல்லாம் சரிதான். நானே வாங்குவேன். எது பழசு, எது புதுசு என்று பிரித்துச் சொன்னால் போதும். ஷாக்வேவ், ஒமேகா சுப்ரீம், கால்வட்ரான் போன்று பேட்டரி போடுகிறவை என்றால் பேட்டரி அறையின் மூடியைத் திறந்து படம் எடுங்கள். 'வேலை செய்கிறதா தெரியவில்லை, பேட்டரி கையில் இல்லை' என்பதை இனிமேல் யாரும் நம்பப் போவதில்லை.

பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு துண்டு வெட்டியிருந்தால் அதை மறைக்காதீர்கள். ரோபோ பாயிண்ட் என்ற கூப்பனையும், சிவப்புத் தாள் வைத்துப் படிக்கிற திறன் அட்டையையும் வெட்டி எடுக்கச் சொன்னதே ஹாஸ்ப்ரோதான். குழந்தை சொன்னபடி செய்தது, அவ்வளவுதான். தெர்மோகோல் இருக்கிறதா, கையேடு இருக்கிறதா என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும்.

இவ்வளவு எழுதினால் விலை விழுந்துவிடுமே என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் விழும்தான். ஆனால் பொருள் திரும்பி வராது, தபால் செலவு இரண்டு தடவை ஆகாது. இடுப்பு உடைந்த மிராஜைக்கூட 'இடுப்பு உடைந்தது' என்று எழுதிப் போடுங்கள். டயருக்கும் கண்ணாடிக்கும் ஏவுகணைக்கும் அதைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்களிடம் வாங்குகிறவர்களில் ஒருவன்