மார்கழிக் கச்சேரிகளுக்குச் சென்னை செல்வோர் கவனத்துக்கு

அன்பு உறவுகளே, இந்திய விசாவுக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். கடவுச்சீட்டு இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பெயரை அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துப் பதியுங்கள். தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து மாறியதால் போன வருடம் என் அக்கா பட்ட பாடு போதும்.

ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு முதல் நாளே இறங்கிவிடுவோம். கினிகத்தேனை வளைவுகளில் மூடுபனி இறங்கினால் வேன் ஊர்ந்துதான் போகும்.

பல சபாக்களில் பகல் கச்சேரிகள் இலவசம். அவற்றைத் தவறவிடாதீர்கள். இளம் பாடகர்களை முன்வரிசையில் அமர்ந்தே கேட்கலாம். தம்பூராத் தந்தி அதிர்வதுகூடக் கண்ணுக்குத் தெரியும். மாலைக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் வேண்டும்.

சென்னைதானே என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். அரங்குகளில் ஏசி கடுமையாகக் குளிரும், முக்கியமாகப் பெரியவர்களுக்கு.

விசா கிடைத்தவர்கள் இங்கேயே அறிவியுங்கள்.