தாய் நாயைக் காட்டுங்கள், அண்ணாச்சி

ராஜபாளையம் பக்கம் நாய்க்குட்டி விற்கும் அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

மூன்று வருடத்துக்கு முன் உங்கள் ஊருக்கு வந்து ராஜபாளையம் இனத்தில் ஒரு பெட்டைக்குட்டி வாங்கினேன். பைக்கில் வந்த ஒருவர் சாலையோரம் நிறுத்தி, பழக்கூடையைத் திறந்து காட்டினார். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. “நாப்பத்தஞ்சு நாள் ஆச்சு சார், சுத்தமான லைன்” என்றார். தாயைப் பார்க்கலாமா என்றதற்கு, “அது ஆளைக் கண்டா பாயும்” என்று சிரித்தார். நானும் சரி என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன். அசட்டுத்தனத்தில் என் பங்கும் உண்டு.

நாலாம் நாள், குட்டி தூங்கிக்கொண்டிருந்தபோது குக்கர் மூடி கீழே விழுந்தது. பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். குட்டியின் காது மடல்கூட அசையவில்லை. பிறவிச் செவிடு என்றார் டாக்டர்.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. முடிக்கு நிறம் தரும் செல்கள் உட்காதுக்கும் வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே உட்காது பழுதாகிவிடும். எல்லா வெள்ளைக் குட்டிக்கும் இப்படி ஆவதில்லைதான். ஆனால் வாங்க வருகிற நாங்கள் துளிப் பழுப்பும் கூடாது என்கிறோம். நீங்களும் புள்ளி விழுந்ததை ஒதுக்கிவிட்டு வெள்ளையோடு வெள்ளையையே சேர்க்கிறீர்கள். 2005-இல் தபால்தலையில் ஏறிய ராஜபாளையம் நாய்க்கு நாம் இருவருமாகச் சேர்ந்து செய்வது இது.

அப்புறம் அந்த 45 நாள் கணக்கு. 2017-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 56 நாள். அந்தப் பதினொரு நாளில் உங்களுக்குப் பால், தீவனச் செலவு கூடும், உண்மைதான். ஆனால் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது கூடப்பிறந்தவற்றோடு உருண்டு புரளும் அந்த நாட்களில்தான். 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, வருடத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. தாயைக் காட்டினால் பாதி விஷயம் எங்களுக்கே தெரிந்துவிடும்: விலா எலும்பு, தொங்கிய மடி, ஆளைக் கண்டு பதுங்குகிறதா என்பது.

உங்களில் நல்லவர்களும் உண்டு. சிப்பிப்பாறை இன வேட்டைநாய்க் குட்டி கேட்டுப் போன என் தங்கையிடம் ஒரு பெரியவர் அரை மணி நேரம் விசாரித்திருக்கிறார். மூன்றாவது மாடி என்றதும், “அது ஓடுற நாயிம்மா” என்று தர மறுத்துவிட்டார். தங்கைக்குக் கோபம். எனக்கு அவர் விலாசம் வேண்டும்.

என் பெட்டையைத் தரையில் காலைத் தட்டித்தான் கூப்பிடுகிறேன். அதிர்வு தெரிந்து ஓடி வருவாள். அவளுக்குத் துணையாக இன்னொன்று வாங்க, தைக்கு அப்புறம் உங்கள் பக்கம் வருவேன். குட்டிகள் தூங்கும் நேரமாகப் பார்த்து, கையில் தட்டும் கரண்டியுமாக வாசலில் நிற்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் ஒரு குட்டி வாங்கியவன்