செல்வத்தின் மஞ்சள் கடுதாசி

எடிசன், நியூ ஜெர்சி
20 செப்டம்பர் 2025

அன்பு சிவா,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, மன்னித்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். மற்றதெல்லாம் போனில் பேசுவோம். இது உன் மச்சான் செல்வத்துக்காக.

அடுத்த வாரமே சாப்டர் 7 மனு (கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் அமெரிக்க மஞ்சள் கடுதாசி) போடப் போகிறான் என்றாயே, கையைக் காலைப் பிடித்தாவது நிறுத்துடா. வரிக்கடன் மஞ்சள் கடுதாசியிலும் போகாது என்று அவனிடம் சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். பழைய வருமான வரி போகும். மனு போடும் நாளில் மூன்று கணக்கும் சரியாக இருக்க வேண்டும்: ரிட்டர்ன் கெடு முடிந்து மூன்று வருஷம் தாண்டியிருக்க வேண்டும், ரிட்டர்ன் கொடுத்து இரண்டு வருஷம் தாண்டியிருக்க வேண்டும், ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) அந்த வரியை அசெஸ் செய்து, அதாவது இவ்வளவு பாக்கி என்று பதிவு செய்து, 240 நாள் தாண்டியிருக்க வேண்டும். பொய்க் கணக்கோ வரி ஏய்ப்போ இருந்தால் எந்தத் தேதியும் காப்பாற்றாது. திருச்சி பஸ் ஸ்டாண்டு நேரங்களையே மனப்பாடமாக ஒப்பித்தவன் நீ, இது உனக்கு எம்மாத்திரம்!

செல்வம் இடறப்போவது முதல் கணக்கில், அந்த மூன்று வருஷத்தில். 2021 வரிக்குக் கெடு 2022 ஏப்ரல் 18. ஆனால் அவன் எக்ஸ்டென்ஷன் (ரிட்டர்ன் கொடுக்கக் கூடுதல் அவகாசம்) வாங்கியிருந்தான். அதனால் கெடு 2022 அக்டோபர் 17 ஆகிவிட்டது. ஆகஸ்டிலேயே ரிட்டர்ன் கொடுத்திருந்தாலும் இது மாறாது. வருகிற அக்டோபர் 17 தாண்டுவதற்குள் மனு போட்டால் அந்த வருஷத்து வரி வட்டியோடு அவன் தலையிலேயே நிற்கும். அதற்காக இன்னொரு சாப்டர் 7 போடலாம் என்றால் எட்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

அதே வருஷத்துக்கு ஆடிட்டில் கூட்டிய தொகை வேறு இருக்கிறது. அது ஏறியது இந்த மார்ச் 10 என்றால் 240 நாள் நவம்பர் 5-இல்தான் முடியும். இதற்கு நடுவில் ஆஃபர் இன் காம்ப்ரமைஸ் (பாக்கியைக் குறைத்து முடித்துக்கொள்ளச் சொல்லும் விண்ணப்பம்) போட்டிருந்தானா என்று கேள். அது நிலுவையில் இருந்த நாட்களோடு இன்னும் 30 நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

2020-ஐ நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. அந்த ரிட்டர்னைக் கெடு தாண்டி 2023-இல் அல்லவா கொடுத்தான்? அவன் இருக்கும் ஹூஸ்டன் ஐந்தாவது சர்க்யூட் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. ஒரு நாள் தாமதமானாலும் அது ரிட்டர்னே அல்ல என்று அந்த நீதிமன்றம் 2012-இல் தீர்ப்புச் சொன்னது. இரண்டு வருஷம் இல்லை, இருபது வருஷம் ஆனாலும் அந்த வரி போகாது. இங்கே மூன்றாவது சர்க்யூட்டில் அப்படியில்லை. நேர்மையாக வரிச் சட்டப்படி நடக்க முயன்றானா, ஐ.ஆர்.எஸ். தானே கணக்குப் போட்டு அசெஸ் செய்த பிறகு கொடுத்தானா என்று பார்க்கிறார்கள். நாடு முழுவதற்கும் ஒரே சட்டம், வீடு எந்த மாநிலத்தில் என்பதை வைத்து நியாயம் மாறுவது அநியாயம்தான். 2020-க்குத் தவணை கேட்பதே வழி.

அவன் ஹோட்டல் ஆட்களின் சம்பளத்தில் பிடித்துக் கட்டாமல் விட்ட 941 படிவ வரி இருந்தால் அதுவும் போகாது. எந்த வரியையும் கிரெடிட் கார்டில் கட்டித் தொலைக்க வேண்டாம் என்று சொல். போகாத வரியைக் கார்டில் கட்டினால் சாப்டர் 7-இல் அந்தக் கார்டு கடனும் போகாது.

இன்றைக்கே ஐ.ஆர்.எஸ். தளத்தில் நுழைந்து இரண்டு வருஷத்துக்கும் அக்கவுண்ட் டிரான்ஸ்கிரிப்டை (அவன் வரிக் கணக்கில் நடந்ததெல்லாம் தேதியோடு இருக்கும் தாள்) எடுக்கச் சொல். ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட் இதற்கு உதவாது. 150 என்ற எண்ணுக்கு எதிரே இருப்பது வரி ஏறிய தேதி. 460 எக்ஸ்டென்ஷன், 300 ஆடிட்டில் கூட்டியது, 480 ஆஃபர். 582 இருந்தால் லியன், அதாவது சொத்தின் மேல் வரித்துறையின் பிடிப்பு, பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். கடன் தள்ளுபடியானாலும் லியன் வீட்டின் மேல் நிற்கும், குடியிருக்கும் வீட்டைக் கடன்காரர்களிடமிருந்து காக்கும் டெக்சாஸ் ஹோம்ஸ்டெட் சட்டம் அதைத் தடுக்காது. வக்கீலிடம் இந்தத் தாள்களோடு போகட்டும், ஞாபகத்திலிருந்து எந்தத் தேதியும் சொல்ல வேண்டாம்.

எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. பெரியம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
ரகு