மோதிர விரல் மாட்டிக்கொள்வது பற்றி மகளுக்கு

திருவையாறு

அன்புள்ள கண்ணம்மா,

காலையில் மோதிர விரல் மடங்கியபடியே நின்றுவிடுகிறது, மறு கையால் பிடித்து நிமிர்த்தினால்தான் ‘டக்’கென்று வருகிறது என்று போனில் சொன்னாயே, அது ட்ரிக்கர் ஃபிங்கர். வலி நடு மூட்டில் தெரிந்தாலும் கோளாறு உள்ளங்கையில், விரல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே அழுத்திப் பார், சின்ன உருண்டை தட்டுப்படும். விரலை மடக்கும் தசைநாண் அந்த இடத்தில் ஒரு வளையத்துக்குள் புகுந்து போகிறது. வளையம் தடித்து, நாணும் வீங்கினால், ஊசிக்காதில் முடிச்சு விழுந்த நூல் மாதிரி சிக்கிக்கொள்ளும். இங்கே தை அறுவடையில் அரிவாள் பிடிக்கும் கைகளுக்கும் இது வரும், உன்னைப் போல் நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடிப்பவர்களுக்கும் வரும். உன்னைப் போல் சர்க்கரை நோயும் இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

விரலை இழுத்து நெட்டி முறிக்காதே. எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிடச் சொல்லாதே. பந்து அமுக்கும் பயிற்சியும் வேண்டாம். நாண் மறுபடி மறுபடி வளையத்தில் உரசி வீக்கம் கூடும். காலையில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை வைத்துவிட்டு மெதுவாக மடக்கி நீட்டு, போதும்.

தூங்கும்போது ஸ்பிளின்ட், அதாவது விரலை மடங்காமல் தாங்கும் பட்டை, போடு. விரலடி மூட்டு மட்டும் நேராக நிற்க வேண்டும், மேல் மூட்டுகள் அசையலாம். முழு விரலையும் இறுக்கிக் கட்டினால் நடு மூட்டு விறைத்துவிடும். ஆறு வாரமாவது விடாமல் போட வேண்டும்.

ஆனால் உனக்கு விரல் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டதால், ஸ்பிளின்டை மட்டும் நம்பி இருக்காதே. எலும்பு மருத்துவரிடம் ஸ்டீராய்டு ஊசி பற்றிக் கேள். மரத்துப்போகும் மருந்தோடு கலந்து, நாணின் உறைக்குப் பக்கத்தில் போடுவார்கள்; நாணுக்குள்ளே போடக் கூடாது. பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே ஊசியில் சரியாகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு. போட்ட இடத்தில் தோல் கொஞ்சம் வெளுக்கலாம். முக்கியமாக, சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதி வை, மாத்திரையை நீயாகக் கூட்டாதே.

முதல் ஊசியில் சரியாகாமல் இரண்டாவது போட்டும் கேட்கவில்லை என்றால் அறுவை சிகிச்சைக்குத் தயங்காதே. உள்ளங்கையை மட்டும் மரக்க வைத்து, ஒன்றரை சென்டிமீட்டர் கீறி, வளையத்தைத் திறந்துவிடுவார்கள். இருபது நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வரலாம். அன்றைக்கே விரலை மடக்கி நீட்டத் தொடங்கணும்; வலிக்குப் பயந்து அசைக்காமல் வைத்தால்தான் விறைப்பு வரும். பத்து முதல் பதினாலு நாளில் தையல் பிரிப்பார்கள். கத்தரிக்கோல் பிடிக்க ஒரு மாதம் விடு, தழும்பு அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் உறுத்தும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) அதிகமாக இருந்தால் புண் ஆறத் தாமதமாகும், முதலில் அதைக் குறைத்துக்கொள். திருப்பூரில் துணைக்கு ஆள் இல்லையென்றால் இங்கே வந்துவிடு, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம்.

மருத்துவரிடம் போகும்போது சர்க்கரை ரிப்போர்ட்டை எடுத்துப் போ. தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடு. இரவில் கட்டை விரல், சுட்டு விரல், நடு விரல் மரத்துப் போகிறதா என்று கவனி. அப்படி இருந்தால் அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம், மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அப்பா