நீ இப்ப எந்தத் தொகுதி தம்பி

தம்பிக்கு அப்பா எழுதுறது.

வாட்ஸ்அப்ல எழுதுனா நீ ஒரு கட்டைவிரலப் போட்டு முடிச்சுடுற, அதான் மெயில். இங்க மழை பரவால்ல, அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். கேக்க வந்தது என்னன்னா, நவம்பர் 4ஆம் தேதி ஓட்டுப் போட்டியா இல்லையா? உங்க வர்ஜீனியாவுல வருஷா வருஷம் ஏதாவது ஒரு தேர்தல் இருக்கு, நீயும் சிட்டிசன் ஆனதுல இருந்து தவறாம ஓட்டுப் போட்டவங்களுக்குக் குடுக்குற அந்த வட்ட ஸ்டிக்கர சட்டைல ஒட்டிக்கிட்டு குரூப்ல போட்டோ போடுவ, பெரியப்பா உடனே ஒரு கும்பிடு போடுவார். இந்தத் தடவை கவர்னருக்கே தேர்தல், ஸ்பான்பெர்கர் அம்மா ஜெயிச்சுட்டாங்க, ஹைதராபாத்ல பொறந்த கஸாலா ஹாஷ்மி கவர்னருக்கு அடுத்த பதவியான லெப்டினன்ட் கவர்னர், இதெல்லாம் நானே படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். உன் போட்டோவக் காணோம்.

வேலை ஜாஸ்தியா இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

நாங்க அங்க இருந்தப்ப நடந்த இடைத்தேர்தல் கதைய நான் ரிட்டயர்டு வாத்தியாருங்க கூட்டத்துல ஒருத்தர் விடாம சொல்லியாச்சு. 2025 ஜனவரி 7. முதல் நாள் பூரா பனி கொட்டி ஸ்கூலெல்லாம் லீவு, நீ விடிகாலைல எந்திரிச்சு வாசல்ல கெடந்த பனியத் தள்ளிட்டு என்னையும் குல்லா மாட்டிக் கூட்டிட்டுப் போன. உங்க மாநில மேல்சபையான செனட்ல அந்த 32ஆம் நம்பர் தொகுதி, சுஹாஸ் சுப்ரமணியம் 2023ல ஜெயிச்சு ஒரு வருஷத்துல வாஷிங்டனுக்கு எம்பியா போயிட்டார், அந்த எடத்துக்கு மாநிலக் கீழ்சபைல 26ஆம் தொகுதில இருந்த கண்ணன் ஸ்ரீனிவாசன் நின்னார், அதனால 26க்கும் அதே நாள்ல தேர்தல், அதுல ரிபப்ளிகன் பக்கம் ராம் வெங்கடாசலம். ஒரே காகிதத்துல கண்ணனும் வெங்கடாசலமும் எதிரெதிர் கட்சில! கண்ணன் ஜெயிச்சார், வெங்கடாசலம் ஜேஜே சிங்கிட்ட தோத்துட்டார். இங்க சொன்னா மானாமதுரை மூணாவது வார்டான்னு கேக்குறாங்க.

கார்ல போறப்ப நீ ஒரு கணக்கு சொன்ன பாரு, அத நான் மறக்கவே இல்ல. மொத்தம் 40 செனட்டர், டெமாக்ரட் 21 ரிபப்ளிகன் 19னு இருந்துச்சு, அன்னிக்கு செனட்டுக்குத் தேர்தல் நடந்த ரெண்டு எடத்துல ஒண்ணு ஏற்கெனவே ரிபப்ளிகனோடது, 32ம் அவங்க பக்கம் போனா 20க்கு 20, சமமா நின்னா லெப்டினன்ட் கவர்னர் ஓட்டுதான் முடிவு, அப்ப அது ரிபப்ளிகன் வின்ஸம் சியர்ஸ். ஒரு தொகுதிக்கு ரெண்டேகால் லட்சம் ஜனம்கூட இல்ல, அதுல பனில வர்றவன் எத்தன பேரோ அவன் கைல ஒரு மாநில சபையே இருக்குதுப்பான்னு சொன்ன. நீ அப்படி ஒரு விஷயத்த எனக்கு விளக்கிச் சொல்றது எனக்குப் பெருமையா இருந்துச்சு, அன்னிக்குச் சொல்லல. நம்ம மேலவைய 1986ல எம்ஜிஆர் கலைச்சப்ப எங்க ஸ்டாஃப் ரூம்ல ஆசிரியர் தொகுதி போச்சேன்னு ஒப்பாரி வச்சோம், உங்களுக்கு அதுவே ஜனங்க நேரா ஓட்டுப் போடுற சபையா நடக்குது, செனட்டருக்கு சம்பளம் வருஷத்துக்கு 18,000 டாலர்தான்னு நீ சொல்லி நான் நம்பவே இல்ல.

வாசல்ல இருந்து 40 அடிக்குள்ள யாரும் ஓட்டுக் கேக்கக்கூடாதாம், இங்க 100 மீட்டர். மெஷின் பட்டன் இல்ல, காகிதத்துல வட்டத்தக் கருப்படிச்சு ஸ்கேனர்ல விடணும். மை கிடையாது. மை இல்லாம எப்படிடா நம்புறீங்கன்னு கேட்டேன், நீ சிரிச்ச.

அன்னிக்கு ஒண்ணு பாத்தேன், அப்ப ஒண்ணும் தோணல. நீ காலைல போட்டுட்டு வந்த. மருமக சாயங்காலம் தனியா இன்னொரு கார எடுத்துட்டுப் போய் போட்டுட்டு வந்தா. ஒரே பூத், ரோடு பூரா ஐஸ். பாப்பாவப் பாத்துக்க ஆள் வேணும்னு நெனச்சேன், ஆனா பாப்பாவப் பாத்துக்கத்தான் நாங்க ரெண்டு பேரும் இருந்தமே. அவ ஸ்டிக்கர பாப்பா நெத்தில ஒட்டிவிட்டா. உன்னோடது வாஷிங்மெஷின் மேல கெடந்துச்சு.

சரி அத விடு. மனை விஷயமா நீ அனுப்புன பேப்பர்ல ஹெர்ன்டன் 20170ன்னு போட்டிருக்க. நான் ஆபீஸ் அட்ரஸ்னு நெனச்சேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வராம போன்ல மேப்பப் போட்டுப் பாத்தேன், 32 பூரா லவுடன் கவுண்டிக்குள்ளதான், ஹெர்ன்டன் ஃபேர்ஃபாக்ஸ் பக்கம், அது 38. வேற செனட்டர், வேற பூத். வீடு மாறினா ஓட்டர் லிஸ்ட்லயும் மாத்திப் பதியணும் தம்பி, நான் இத்தன வருஷம் எலெக்ஷன் ட்யூட்டி பாத்தவன், பேர் ஒரு எடத்துல ஆள் ஒரு எடத்துலன்னா கடைசில ரெண்டு எடத்துலயும் இல்லாம போயிடும். மாறியிருந்தா பதிஞ்சுடு. மாறலைன்னா ஒண்ணும் இல்ல.

ஞாயித்துக்கிழமை வீடியோவுல பாப்பா மட்டும் வர்றா, அப்பா எங்கடின்னா வெளிலங்குறா. நாலு ஞாயிறா வெளில. உங்கம்மா என் மூஞ்சியப் பாக்குறா, நான் டிவியப் பாக்குறேன். எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு கூடத் தோணலையா உனக்கு? மனைக்குப் பேப்பர் அனுப்பத் தெரியுது.

கோவமா எழுதிட்டேன். அழிக்கல, இருக்கட்டும்.

நான் பரமக்குடிக்கு ட்ரான்ஸ்ஃபர்ல போனேன்ல, நீ ஏழாவது படிக்கிறப்ப. அது ட்ரான்ஸ்ஃபர் இல்ல தம்பி, அதாவது நானா எழுதிக் குடுத்துக் கேட்டு வாங்குனது. எனக்கும் உங்கம்மாவுக்கும் பேச்சுவார்த்த நின்னு போச்சு அப்ப. மானாமதுரைல இருந்து தினம் ரயில்ல போயிட்டு வரலாம், மத்த வாத்தியாருங்க போயிட்டுதான் வந்தாங்க, நான் ரூம் எடுத்தேன். சனிக்கிழமை உனக்கு சேவு வாங்கிட்டு வருவேன், ரெண்டு நாளு இருந்துட்டு ஓடிடுவேன். 98 பார்லிமென்ட் எலெக்ஷன்ல எனக்கு ட்யூட்டி, தபால் ஓட்டுக்குப் பாரம் குடுத்தாங்க, விலாசம்னு இருந்துச்சு. ரெண்டு வரி எழுத அரை மணி நேரம் ஆச்சு. பக்கத்துல இருந்த சார் என்ன சார் வீட்டு அட்ரஸ் மறந்துபோச்சான்னு சிரிச்சார். நீ இத்தன வருஷமா அத ட்ரான்ஸ்ஃபர்னே நம்பிட்டு இருக்க, இல்ல தெரிஞ்சும் கேக்காம இருந்தியோ என்னவோ. நானா திரும்பி வரல. உங்கம்மாதான் மஞ்சப்பையோட பஸ் ஏறி வந்து அந்த ரூம் வாசல்ல நின்னா.

அதனால எனக்கு உனக்குப் புத்தி சொல்ற யோக்கியதை கெடையாது. குளிர் ஆரம்பிச்சிருச்சு, குல்லா போடு. தனியாச் சமைக்கிறதா இருந்தா ரசப்பொடி ரெண்டு ஸ்பூன் போதும், கொதிக்க விடாத.

அம்மா பருப்புப் பொடி, ரசப்பொடி, பாப்பாவுக்கு அதிரசம் எல்லாம் செஞ்சு டப்பாவுல போட்டு வச்சிருக்கா. கூரியர்க்காரன் வெள்ளிக்கிழமை வருவான். ஒரே பார்சலா கட்டவா ரெண்டா கட்டவான்னு மட்டும் சொல்லு.

அப்பா