ஆண்டறிக்கை: புகையிலையின் தடம் தேடிய ஓர் ஆண்டு

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நிர்வாகக் குழு ஒன்பது தடவை கூடியது. வாசிகசாலைக் கூரை திருத்தி முடிந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதிப் பொழுதெல்லாம் புகையிலைக்கே போனது.

யாழ்ப்பாணத்துப் புகையிலையைப் பற்றி ஊர் முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வதென்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தபோது, "புற்றுநோய் தருகிற பொருளுக்கு வரலாறு எதற்கு?" என்று ஓர் அங்கத்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எமது தோட்டக் கிணறுகளும் கல்வீடுகளும் எந்தக் காசில் வந்தன என்று கேட்டால், பல வீடுகளில் பதில் அந்த இலைதான்.

அமெரிக்கக் கண்டத்துச் செடியான இது போர்த்துக்கேயர் வழியாக இந்தப் பக்கம் வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் எமது செம்மண்ணில் விளைந்த இலை தோணிகளில் மலையாளக் கரைக்குப் போயிற்று. திருவிதாங்கூரில் புகையிலை வியாபாரம் அரசின் தனியுரிமையாக இருந்தது. 1863இல்தான் அது நீங்கியது. வெற்றிலையோடு போடும் அந்தக் காரமான இலைக்கு மலையாளிகள் வைத்த பெயர் 'ஜாப்பாணம்'. ஓர் ஊரின் பெயரே சரக்கின் பெயராகிவிட்ட பெருமை எத்தனை இடங்களுக்குக் கிடைத்திருக்கிறது? பிற்பாடு அங்கே தீர்வை ஏற ஏற அந்த வியாபாரம் மெலிந்தது. எம்மவர்கள் சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தென்னிலங்கைச் சந்திகளில் கடை போட்டார்கள்.

பதினான்கு பேரைச் சந்தித்தோம். அவர்களில் எண்பத்தாறு வயதுக் கமக்காரர் ஒருவர் சொன்னதை எழுதி முடிக்கவே மூன்று பின்னேரங்கள் பிடித்தன. தோட்டத்தில் ஆடு மாடுகளைப் பட்டி அடைத்ததும், பனையோலை தாழ்த்துப் பசளையாக்கியதும், விடியுமுன் கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா மிதித்ததும் நேற்று நடந்தவைபோல வந்தன. வெட்டிய இலையை வாட்டி, குடிலில் தொங்கவிட்டு, பொச்சுமட்டை (தேங்காய் மட்டை) மூட்டிப் புகை போடுவார்களாம். தீ எழும்பக் கூடாது, புகையும் அணையக் கூடாது. அதனால் இரவில் தூக்கம் இல்லை. வீட்டுப் பாவனைக்கு வைத்திருந்த புகையிலைக் கட்டொன்றை எங்களுக்காக அவிழ்த்தார். ஓர் இலையின் நடுநரம்பை விரலில் சுற்றி வளைத்தார். அது முறியாமல் வளைந்தது. "இதுதான் பதம்" என்றவர் உடனே கட்டைச் சாக்கில் சுற்றிவிட்டார். போயிலை விரித்தால் போச்சு என்ற பழமொழியின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. காற்றுப் பட்டால் காரம் போய்விடும்.

சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்த இருவர், சுற்றுகிறவர்களுக்காக ஒருவர் பத்திரிகையும் தொடர்கதையும் உரத்து வாசிப்பார் என்றார்கள். பள்ளிக்கூடம் பார்க்காதவர்களும் உலக நடப்பை அங்கேதான் கேட்டறிந்தார்கள். வாசிகசாலை நடத்துகிற எமக்கு அவர்கள் மூத்தவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

இனி அங்கத்தவரின் கேள்விக்கு வருகிறேன். என் பெரியம்மா வெற்றிலைத் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் கதை சொல்வார். இடது கன்னத்தில் எப்போதும் ஒரு துண்டுப் புகையிலை அடங்கியிருக்கும். அதே கன்னத்தில்தான் புண் வந்தது. கடைசி மாதங்களில் கஞ்சியைக்கூட விழுங்க முடியவில்லை. நாங்கள் சந்தித்தவர்களில் மூவர் தம் வீடுகளிலும் இப்படி ஒரு சாவு நடந்ததாகச் சொன்னார்கள். இவற்றையும் அதே கொப்பியில், அதே கவனத்தோடு எழுதியிருக்கிறோம். ஒன்றை எழுதி மற்றதை விட்டால் அது வரலாறு ஆகாது.

பெரிய குறை, எழுத்துச் சான்று இல்லாததுதான். தரகர்களின் கணக்குப் புத்தகங்கள் 1995 போர்க்கால இடப்பெயர்வில் போயின என்றே பல வீடுகளில் சொன்னார்கள். கிடைத்த ஒன்றில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. எஞ்சிய பக்கங்களைப் படம் பிடித்துவிட்டோம்.

வரும் ஆண்டில் வாசிகசாலையின் பின்னறையில் ஒரு சிறு காட்சி வைக்க எண்ணியிருக்கிறோம். வெற்றிலைத் தட்டம், பாக்குவெட்டி, சுருட்டுப் பலகை, பழைய தராசு எது உங்கள் வீட்டில் இருந்தாலும் பழைய இரும்புக்குப் போடுமுன் எமக்கு ஒரு சொல் சொல்லுங்கள். கடிதமோ கணக்குப் புத்தகமோ என்றால் பிரதி எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தருவோம்.

இவ்வண்ணம்,
செயலாளர்