ஆண்டறிக்கை: பைன் பலகையும் சுங்கக் குறியீடும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, பொதுக்கூட்டத்திற்கு வந்திருக்கும் சங்கத்தினரே, வணக்கம்.

பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பலகைக்கடை நடத்துவோரும் கட்டுமானக் குத்தகை எடுப்போரும் சேர்ந்த நமது சங்கத்தின் செயலவை இவ்வாண்டு முறைப்படி கூடியது. கூட்டக் குறிப்புகள் எல்லோருக்கும் அனுப்பப்பட்டுவிட்டதால் அவற்றை மீண்டும் படிக்கப் போவதில்லை. கணக்கைப் பொருளாளர் வைப்பார். நம்மை அதிகம் அலையவிட்ட ஒரே விஷயத்துக்கே இந்த அறிக்கையைப் பெரும்பாலும் ஒதுக்கியிருக்கிறேன்.

தோட்டத்து லயங்களுக்கு உள்நாட்டு மெராந்தி மரம் அறுத்துப் போட்ட காலம் போய், இன்று உட்கூரைக்கும் சுவருக்கும் நியூசிலாந்து, சிலி நாட்டு ரேடியாட்டா பைன் கேட்கிறார்கள். உள்ளூர் மொத்த வியாபாரியிடம் வாங்கும்வரை சரக்கை வகைப்படுத்தும் எண்ணான சுங்கக் குறியீடு நம் கவலையாக இருக்கவில்லை. உறுப்பினர்கள் சிலர் நேரடியாக இறக்குமதி செய்யத் தொடங்கிய பிறகுதான் அது நம் தலையில் விழுந்தது.

உறுப்பினர் ஒருவர் வரவழைத்த உட்கூரைப் பலகையைச் சரக்கு முகவர் கே1 என்னும் இறக்குமதி அறிவிப்புப் படிவத்தில் 4407 என்று எழுதிவிட்டார். பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்த சுங்க அதிகாரி, பலகையின் ஒரு விளிம்பில் நாக்கும் மறு விளிம்பில் பள்ளமும் இருப்பதைக் காட்டி, இது 4409 என்றார். அதிகாரி சொன்னதே சரி. அறுத்த மரம் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருந்தால் 4407இல் சேரும். இழைத்திருந்தாலும், முனைகளை விரல் மூட்டால் இணைத்திருந்தாலும், பூச்சிமருந்து ஏற்றியிருந்தாலும் அங்கேயே நிற்கும். ஆனால் விளிம்பிலோ முகப்பிலோ நெடுக நாக்கு, பள்ளம், சாய்வு என்று உருக்கொடுத்துவிட்டால் அது 4409க்குப் போய்விடும். சரக்கு எந்த நாட்டுடையது என்று காட்டும் பூர்வீகச் சான்றிதழிலும் 4407 என்றே இருந்ததால், தடையற்ற வணிக ஒப்பந்தச் சலுகையைக் கேட்பதும் சிக்கலாகி, கொள்கலன் துறைமுகத்திலேயே கிடந்தது.

கதவு நிலையிலும் இதே குழப்பம் உண்டு. நீளச் சட்டமாக உருவிழைத்து வந்தால் 4409. மூட்டு வெட்டி, அப்படியே சேர்த்துப் பூட்டத் தயாராக வந்தால், கட்டடத் தச்சுப் பொருளுக்கான 4418. நாம் எதற்கு வாங்குகிறோம் என்பதைவிட, மரத்துக்கு என்ன வேலை செய்யப்பட்டிருக்கிறது என்பதையே சுங்கம் முதலில் பார்க்கிறது. 1996இல் அமெரிக்காவும் கனடாவும் செய்த ஊசியிலை மர ஒப்பந்தம் நடப்பில் இருந்தபோது, அதன் கட்டுப்பாட்டைத் தவிர்க்க, கனடா ஏற்றுமதியாளர்கள் சுவருக்கான மரச்சட்டங்களில் ஓட்டை போட்டு அனுப்பி 4418இல் நுழைக்கப் பார்த்தார்கள். அமெரிக்கச் சுங்கம் அவற்றை 4407க்கே திருப்பியது. ஓட்டை போட்டதால் மட்டும் மரச்சட்டம் தச்சுப் பொருளாகிவிடாது.

‘மென்மரம்’ என்ற சொல்லையும் கையால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சுங்கப் பட்டியல் பார்ப்பது தாவர இனத்தை; பைன் போன்ற ஊசியிலை வகையே அதற்கு மென்மரம். நம் ரப்பர் மரம் எவ்வளவு இலகுவாக அறுபட்டாலும் அது ஊசியிலை வகை அல்ல. நம் மலைகளிலேயே வளரும் டாமார் மிஞ்ஞாக் மரமோ ஊசியிலை வகையோடு சேர்ந்தது. (இதைச் சொன்னபோது மூத்த தச்சர் ஒருவர் என்னை நம்பவேயில்லை.)

2022 ஜூன் 1 முதல் புதிய சுங்கத் தீர்வை ஆணை நடப்பில் உள்ளது. அது பின்பற்றும் உலகச் சுங்க அமைப்பின் குறியீட்டுப் பட்டியலின் 2022 பதிப்பில் பைனுக்கு 4407.11, ஃபர், ஸ்புரூஸ் மரங்களுக்கு 4407.12 என்றிருக்க, ஸ்புரூஸ், பைன், ஃபர் கலந்து வரும் கட்டுக்கு 4407.13 தனியாகப் பிரிக்கப்பட்டது; பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்யும் ஒட்டடுக்கு உத்திரம் 4418.81 ஆனது. பழைய விலைப்பட்டியலைப் பார்த்து அப்படியே குறியீடு எழுதும் வழக்கத்தை உறுப்பினர்கள் இனியாவது விட வேண்டும்.

1967ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின்படி, சரக்கு வருமுன்பே அதன் வகைப்பாடு குறித்து அரச மலேசியச் சுங்கத்துறையிடம் எழுத்துவழித் தீர்ப்புக் கேட்கலாம். மாதிரித் துண்டும், குறுக்குவெட்டு வரைபடமும், மரத்தின் தாவரப் பெயரும் கையில் இருந்தால் விண்ணப்பம் எழுதுவது எளிது. அடுத்த பருவத்துக்குப் பலகை வரவழைக்க எண்ணுவோர், விற்பனையாளரிடம் ஒரு அடி மாதிரியைக் கேட்டு வாங்கி, முன்பணம் கட்டுமுன் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி சபையோரை வேண்டுகிறேன்.

செயலாளர்